பத்து நிமிஷம் முந்தி ஓடின வாட்ச்

ஒரு ஊர்ல ஒரு பஸ் ஸ்டாண்டு இருந்துச்சாம். அங்க வைத்திலிங்கம்னு ஒரு டைம் கீப்பர். கூண்டு மாதிரி ஒரு ரூம், சுவத்துல கடிகாரம், வாயில விசில். அவரு "பீஈஈ"ன்னு ஊதினாத்தான் பஸ் கிளம்பும். மந்திரியே ஓடி வந்தாலும் ஒரு நிமிஷம் நிக்காது. அப்படி ஒரு கறார் மனுஷன். ம் கொட்டுறியாடி, தூங்கிட்டியா?

"ம்."

அவருக்கு தாயில்லாத ஒரே பொண்ணு, தமயந்தி. பக்கத்து ஊர் பள்ளிக்கூடத்துல புதுசா டீச்சர் வேலை கிடைச்சிருக்கு. எட்டு பத்து பஸ்ஸை விட்டா அடுத்தது ஒன்பதரைக்குத்தான். அவ இருக்காளே, ஆடி அசைஞ்சு வர்ற ரகம். அப்பா விடியறதுக்கு முந்தியே டூட்டிக்குப் போயிடுவாரு, கிளப்பிவிட வீட்டுல ஆளில்ல.

முதல் நாள் பின்னல் சரியா வரலைன்னு அவுத்து அவுத்துப் பின்னினா. அப்புறம் சளக் சளக்னு ஓடி வர்றா. அப்பா பாத்துட்டாரு. பாத்தும் "பீஈஈ"! பஸ் டுர்ர்ர்னு போயிடுச்சு.

"பெத்த பொண்ணுக்கு ஒரு நிமிஷம் நிறுத்தக் கூடாதாப்பா?"

"உள்ள இருக்கிற அம்பது பேரையும் யாரோ பெத்திருக்காங்கம்மா."

ரெண்டாவது நாள் செருப்பு வார் அறுந்துச்சு. அன்னிக்கும் பீஈஈ, டுர்ர்ர். மூணாவது நாள் வெள்ளிக்கிழமை, டிபன் டப்பா மூடியைத் தேடித் தேடி... என்ன ஆயிருக்கும் சொல்லு?

"பஸ் போயிடுச்சு."

போயே போச்சு! பெரிய டீச்சர் கூப்பிட்டு, "இன்னொரு தடவை லேட்டா வந்தா வேலைக்கே வர வேண்டாம்"னுட்டாங்க. பாவம், சனி, ஞாயிறு ரெண்டு நாளும் சோறு தண்ணி இறங்கல அவளுக்கு.

திங்கக்கிழமை கண்ணு முழிச்சா, தலகாணி பக்கத்துல ஒரு வாட்ச்! அடடா, என்ன அழகுங்கிற! புளியங்கொட்டை அளவு முகம், தங்கக் கலர், மெலிசா ஒரு கறுப்பு வார். கிர்ர் கிர்ர்னு சாவி கொடுத்தா டிக் டிக் டிக். கூடவே அப்பா கையெழுத்துல ஒரு சீட்டு: "கல்யாணம் காட்சிக்குன்னு பீரோவுல பூட்டாதே. தினமும் கட்டு."

கட்டிக்கிட்டு கிளம்பினா. பாதி வழியில பாத்தா மணி எட்டு அஞ்சு! ஐயையோன்னு ஓடினா. மூச்சு வாங்க வந்து நின்னா, பஸ் அப்படியே நிக்குது. கூண்டு கடிகாரத்துல மணி எட்டுதான்.

"அப்பா, இது பத்து நிமிஷம் முந்தி ஓடுதே?"

அவரு நோட்டுலேருந்து தலையைத் தூக்கவே இல்ல. "புது வாட்ச் அப்படித்தான் ஓடும். போகப் போகச் சரியாயிடும். வா, டீ குடி."

ஊருக்கே நேரம் சொல்ற மனுஷன் சொல்ற பொய்யைப் பாரேன்! தன் டீயில பாதியை ஊத்திக் கொடுத்தாரு. இருட்டோட போயி இருட்டோட வர்றவரு அவரு. அப்பாவும் பொண்ணும் உக்காந்து பேசினதெல்லாம் அந்தப் பத்து நிமிஷம்தான். அதனால அவ சாவியைத் திருப்பி நேரத்தை மாத்தவே இல்ல. தெரிஞ்சும் தெரியாத மாதிரி தினம் தினம் ஓடுவா.

"ம்."

அப்புறம் வருஷம் போச்சு. அப்பாவும் போயிட்டாரு. அப்பவும் அந்தப் பத்து நிமிஷம் கூண்டுகிட்ட நின்னுட்டுத்தான் பஸ் ஏறுவா. ஒருநாள் வாட்ச் கண்ணாடி உடைஞ்சுது. ரிப்பேர் கடைக்காரர் மாத்திக் கொடுத்துட்டு, "பத்து நிமிஷம் ஃபாஸ்ட்டா இருந்துச்சு, கரெக்டா வச்சுட்டேம்மா"ன்னாரு. அவருக்கென்ன தெரியும்!

மறுநாள் வந்தா, பஸ் கிளம்பிக்கிட்டிருக்கு. ஓடிப்போய்த் தொத்திக்கிட்டா. கூண்டுல யாரோ ஒருத்தர் விசில் ஊதறாரு. உக்காந்ததும் அப்படி ஒரு அழுகை வந்துச்சு. அப்பா செத்தப்போகூட அவ்வளவு அழல. அப்போ நகத்தால சாவியை இழுத்தா, பத்து நிமிஷம் முன்னால தள்ளினா. டிக் டிக் டிக்.

"அந்த வாட்ச் இப்போ எங்க?"

உன் காதுகிட்ட என்ன சத்தம் கேக்குது?

"ஐ... இதுவா?"

இதேதான். அந்த ஓட்டக்காரி டீச்சரும் நான்தான். ஒன்பது மணிக்கு உன்னைத் தூங்க வைக்கச் சொல்லி உங்கம்மா உத்தரவு. இதுல ஒன்பது ஆயிடுச்சு. ஊருக்கெல்லாம் எட்டு அம்பதுதான். மிச்சம் பத்து நிமிஷம் நம்ம ரெண்டு பேருக்கு. இங்க வா, என் கையில தலையை வச்சுக்க. கதை பஸ் ஏறியாச்சு, நீ கண்ணை மூடு.