பூவாயி போட்ட கரை

கருங்கோட்டை மன்னர் வீரகண்டருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. முதலில் உத்தரவு போட்டுவிடுவார், யோசனையெல்லாம் அப்புறம்தான். இது அவருடைய தளவாய் நரசப்பனுக்கு நன்றாகத் தெரியும்.

தளவாய்க்குக் குதிரை லாயம் கட்ட இடம் வேண்டியிருந்தது. மலையடிவாரத்தில் பூவாயி என்ற குடியானவப் பெண்ணின் நிலத்தைக் கேட்டான். "தர முடியாது" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள் அவள். தளவாய் நேராக அரசரிடம் போனான்.

"பிரபு, இந்த நாட்டில் பெய்யும் மழை யாருக்குச் சொந்தம்?"

"இதென்ன கேள்வி? எனக்குத்தான்!"

"அதை ஒருத்தி மண்கரை போட்டுச் சிறை வைத்திருக்கிறாள்!"

மன்னருக்கு மீசை துடித்தது. "என் தண்ணீரை யாரும் தடுக்கக் கூடாது! தடுப்பவர் யாராக இருந்தாலும் நாடு கடத்துங்கள். நாளை உச்சிப்பொழுதில் அந்தக் கரையை வெட்டுங்கள்!" என்றார். வேலையை மேற்பார்க்க அரசவை விகடர் தாண்டவரை அனுப்பினார்.

தாண்டவர் போய்ப் பார்த்தார். ஐப்பசி மழை. கரை முட்டத் தண்ணீர். பூவாயி மண்வெட்டியோடு கரைமேல் நின்றாள்.

"இது என் சொந்த நிலம் சாமி. பன்னெண்டு வருசத்துக்கு முன்னால இந்த ஓடையில வெள்ளம் வந்து என் மாமியாரையும் எட்டு வீட்டையும் அடிச்சிட்டுப் போச்சு. அப்புறம் நானும் என் வீட்டுக்காரரும் மூணு கோடை மண் சுமந்து இதைப் போட்டோம். அவரும் போய்ச் சேந்துட்டாரு. இதை வெட்டினா கீழ இருக்கிற முப்பது வீடும் மிஞ்சாது" என்றாள்.

தாண்டவர் ஓடை போகும் வழியைப் பார்த்தார். காய்ந்து கிடந்த படுகையின் நடுவில் புத்தம்புது மாளிகை ஒன்று மின்னியது.

"அது யாருடையது?"

"நம்ம தளவாயோடதுதான். சமதரையா இருக்குதுன்னு போன தையில கட்டினாரு."

தாண்டவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "நாளைக் காலை என்னோடு சபைக்கு வா அம்மா" என்றார்.

மறுநாள் சபையில் தாண்டவர் கைகட்டி நின்றார்.

"ஏற்பாடெல்லாம் தயார், பிரபு. உச்சிப்பொழுதில் தங்கள் தண்ணீர் புறப்படும். முதலில் தளவாய் வீட்டுக்குத்தான் எழுந்தருளுகிறது."

"எ... என் வீட்டுக்கா?" என்றான் தளவாய்.

"ஆமாம். வாசல் கதவுகளைக் கழற்றிவிடுங்கள். மூடி வைத்தால் அரசருடைய தண்ணீரைத் தடுத்ததாகிவிடும். கூடத்துச் சுவரும் குறுக்கே நிற்கிறது; இடிக்க ஆள் அனுப்பியிருக்கிறேன். வீட்டார் ஆரத்தியோடு நிற்கட்டும். நீந்தத் தெரிந்தவர்களாகப் பார்த்து நிறுத்துங்கள்."

தளவாய் அரசர் காலில் விழுந்தான். "பிரபு, கரையை வெட்ட வேண்டாம்! அந்தத் தண்ணீரைத் தடுத்து நிறுத்துங்கள்!"

"அடடா, அரசருடைய தண்ணீரைத் தளவாய் தடுக்கச் சொல்கிறாரே! இவரை எந்த நாட்டுக்குக் கடத்துவது, பிரபு?" என்றார் தாண்டவர்.

சபை குலுங்கியது. மன்னர் மட்டும் சிரிக்கவில்லை. பூவாயியை அருகே அழைத்து எல்லாவற்றையும் கேட்டார். முப்பது வீட்டுக் கதை வந்தபோது அவர் தலை குனிந்தது.

"விசாரிக்காமல் சொல்லிவிட்டேன் அம்மா. கரை உன்னுடையது. உனக்குப் பின் உன் பிள்ளைகளுடையது" என்று பட்டயம் எழுதச் சொன்னார். பிறகு திரும்பினார்.

"தாண்டவரே, மழைக்காலம் முடியும்வரை கரைக்குக் காவல் வேண்டும். கண் இமைக்காமல் பார்த்துக்கொள்ளும் ஆள் யார்?"

"தளவாயையே போடுங்கள், பிரபு. அந்தக் கரை உடையக் கூடாதென்று இந்த நாட்டிலேயே அதிகம் கவலைப்படுகிறவர் இப்போது அவர்தான்!"

மன்னர் சிரித்த சிரிப்பில் தலைப்பாகை சரிந்தது. கழுத்து முத்துமாலையைக் கழற்றித் தாண்டவருக்குப் போட்டார். தளவாயோ அன்று மாலையே கரையேறி, யாரும் சொல்லாமலே இரண்டு இடத்தில் மண் போட்டு மிதித்தானாம்.