உடைவாளுக்குப் போட்ட இலை

முன்பு ஒரு காலத்தில், எந்த நாடு, எந்த ஊர் என்றெல்லாம் கேட்டு என்னைத் துளைக்காதீர்கள், மாறகேசரி என்று ஒரு ராஜா இருந்தார். நல்ல ராஜாதான். வீரம் உண்டு, கொடை உண்டு, வாய்விட்டுச் சிரிக்கும் குணமும் உண்டு. ஒரே ஒரு குறை, அவர் காதில் யார் எதைப் போட்டாலும் மறுநாள் காலையில் அது சட்டமாகிவிடும்.

அரண்மனை வைத்தியர் மகுடேசர் ஒருநாள் அந்தக் காதில் ஒன்றைப் போட்டார்.

"மகாராஜா, வயிறு நிறைந்தால் மூளை மந்தமாகும். வயிறு காய்ந்தால் புத்தி கூர்மையாகும். சூரியன் மறையும்வரை தாங்கள் உணவைத் தொடாதிருந்தால், தங்களை வெல்லும் அறிவாளி இந்தப் பூமியில் இருக்கமாட்டான்."

ராஜாவுக்கு அறிவாளியாக வேண்டும் என்று வெகுநாளாக ஆசை. அப்போதே குலதெய்வத்தின் பேரில் விரதம் எடுத்துக்கொண்டார்.

உண்மையில் வைத்தியருக்கு ராஜாவின் மூளைமேல் அக்கறை ஒன்றும் கிடையாது. அவருடைய வயிற்றெரிச்சல் எல்லாம் நல்லகுட்டியின்மேல்தான். நல்லகுட்டி சபையில் விகடம் பேசுகிறவன். ராஜாவுக்குத் தலைவலி வந்தால்கூட வைத்தியரைக் கூப்பிடாமல் அவனைத்தான் கூப்பிடுவார். அவன் இரண்டு வார்த்தை பேசினால் தலைவலி போய்விடும், வைத்தியரின் தைலம் அப்படியே குப்பியில் கிடக்கும். நல்லகுட்டியோ சாப்பாட்டுப் பிரியன். இவனைப் பட்டினி போட்டால் நாக்கு தானே வறண்டுபோகும் என்று வைத்தியர் கணக்குப் போட்டார்.

ராஜா விரதம் இருந்தால் நல்லகுட்டி ஏன் பட்டினி கிடக்க வேண்டும் என்று கேட்கிறீர்களா? அந்த அரண்மனையில் ஒரு பழைய வழக்கம் இருந்தது. ராஜா உண்ட பிறகுதான் அரண்மனைச் சேவகத்தில் உள்ள யாரும் உண்ணலாம். மந்திரி முதல் வாயிற்காவலன் வரைக்கும் இதேதான். வைத்தியர் மட்டும் அவ்வப்போது இடுப்பிலிருந்த வெள்ளிச் சிமிழைத் திறந்து ஒரு உருண்டை லேகியத்தை வாயில் போட்டுக்கொள்வார். நெய்யும் பேரீச்சையும் வெல்லமும் போட்டுக் கிண்டிய லேகியம். கேட்டால், "மருந்து உணவாகாது" என்பார்.

அரண்மனை என்ன பாடுபட்டது என்று நினைக்கிறீர்கள்! கணக்கர்கள் கூட்டியதையே கூட்டி ஒவ்வொரு முறையும் வேறு விடை கண்டார்கள். யார் முதலில் கொட்டாவி விட்டது என்று மந்திரியும் தளபதியும் மீசை துடிக்கச் சண்டை போட்டார்கள். வீணை வாசிப்பவர் சுருதி சேர்க்க நேரமாகிறது என்று ராஜா அவரை நாட்டைவிட்டே போகச் சொன்னார். பட்டத்து யானை மட்டும் இந்த வழக்கத்தில் சேராததால் வேளைக்குத் தின்றது. அந்த அரண்மனையில் புத்தி தெளிவாக இருந்தது அது ஒன்றுதான்.

நல்லகுட்டிக்கு எரிச்சல் தாங்கவில்லை. விடியுமுன்னே வீட்டிலாவது இரண்டு கவளம் சாப்பிட்டுவிட்டு வரலாமென்றால், மனைவி ஆவுடையாள் சோற்றுப் பானையை மறித்துக்கொண்டு நின்றாள்.

"ராசா பச்சத் தண்ணி பல்லுல படாம இருக்காரு. உங்களுக்கு மட்டும் சோறு கேக்குதோ? நாலு பேருக்குத் தெரிஞ்சா என் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சுக்குவேன்?"

"நீ எனக்குப் பொண்டாட்டியா, ராஜாவுக்குக் காவக்காரியா?" என்று கத்திவிட்டு வெறும் வயிற்றோடு அரண்மனைக்கு வந்து சேர்ந்தான்.

வந்த வேளையும் நல்ல வேளையாக இல்லை. நாவிதன் கூத்தன் ராஜாவுக்குச் சவரம் செய்துகொண்டிருந்தான். கூத்தன் கை பூப்போன்ற கை, அதற்குமுன் ஒருநாளும் ஒரு கீறல் விழுந்ததில்லை. ஆனால் நேற்று இரவு சாப்பிட்டதுதான், இன்று கை நடுங்கியது. இடது கன்னத்தை முடித்துவிட்டு வலது கன்னத்துக்கு வந்தபோது கத்தி லேசாக உரசி, கடுகளவு ரத்தம் எட்டிப் பார்த்தது.

ராஜா பாதி முகத்தில் தாடியோடு துள்ளி எழுந்தார்.

"என்னைக் கொல்லவா வந்தாய்? இந்தக் கையை வெட்டுங்கள்! ஆற்றங்கரைக் கோயிலுக்குப் போய்விட்டு வருகிறேன். வந்ததும் என் கண் முன்னே வெட்டவேண்டும்!"

கூத்தன் தரையில் விழுந்தான். "சாமி, பசியில கை ஒதறிப்போச்சு சாமி. என் பொழப்பே இந்தக் கைதான். இத எடுத்துட்டா புள்ளகுட்டிங்க தெருவுல நிக்கும் சாமி."

நல்லகுட்டி முன்னே வந்தான். "மகாராஜா, கூத்தன் கையில்லாமல் போனால் தங்கள் வலது கன்னம்..." என்று எதையோ ஆரம்பித்தான். ஆரம்பித்ததுதான் தெரியும், முடிவு ஞாபகத்துக்கு வரவில்லை. தலைக்குள் ஒன்றுமே இல்லை.

"பார்த்தீர்களா மகாராஜா, இவனுடைய சரக்கு தீர்ந்துவிட்டது" என்றார் வைத்தியர், லேகியத்தை மென்றபடி.

"இன்னும் ஒரு வார்த்தை பேசினால் அவன் கையோடு உன் நாக்கும் போகும்" என்று ராஜா சீறிவிட்டு, சால்வையால் பாதி முகத்தை மூடிக்கொண்டு பல்லக்கில் ஏறினார்.

ராஜா வெளியே போனால் அவருடைய உடைவாளை அரியணைமேல் வைப்பது அந்த நாட்டு வழக்கம். அவர் வரும்வரை அந்த வாள்தான் ராஜா. அதற்குக் குடை பிடிப்பார்கள், வெண்சாமரம் வீசுவார்கள், வழக்கோடு வருகிறவர்கள் அதை வணங்கித்தான் பேசுவார்கள். அவ்வளவு ஏன், ராஜா போர்க்களத்தில் இருந்தபோது முகூர்த்தம் தவறக்கூடாது என்று இந்த வாளைத்தான் மணவறையில் வைத்தார்கள். இளையராணியின் கழுத்தில் ஏறிய தாலி, முதலில் வாளில் சுற்றி, ராஜாவே கட்டியதாகச் சொல்லிக் கட்டிய தாலி.

கூத்தனைத் தூணில் கட்டிவிட்டார்கள். நல்லகுட்டி எதிரே உட்கார்ந்து யோசித்தான். யோசிக்க யோசிக்க மிளகுக் குழம்புதான் நினைவுக்கு வந்தது. குழம்பைத் தள்ளிவிட்டு யோசித்தால் அப்பளம் வந்தது. "சீ, இதுவும் ஒரு தலையா!" என்று தன் தலையிலேயே குட்டிக்கொண்டான்.

அந்த நேரம் பார்த்து ஒரு சேவகன் வாளின் முன்னே மண்டியிட்டு வெற்றிலைத் தட்டை நீட்டினான். நல்லகுட்டிக்கு இருந்த எரிச்சலெல்லாம் அவன்மேல் பாய்ந்தது.

"சாப்பிடாதவருக்குத் தாம்பூலம் ஒரு கேடா?" என்று கத்தினான். கத்தியவன் அப்படியே வாயைப் பிளந்தபடி நின்றான். பிறகு மடைப்பள்ளியைப் பார்த்து ஓட்டமெடுத்தான்.

கொஞ்ச நேரத்தில் அரியணைக்கு முன்னால் தலைவாழை இலை விரித்தாயிற்று. தலைமைச் சமையற்காரர் முதலில் பயந்தார். "ஓய், என் தலைக்கு ஆபத்து வராதே?" என்று மூன்று முறை கேட்டார். ஆனாலும் பட்டப்பகலில் சமைத்துப் பரிமாறிப் பழகிய கை சும்மா இருக்கவில்லை. சோறும் பருப்பும் நெய்யும் மிளகுக் குழம்பும் பூசணிக்காய்க் கூட்டும் வரிசையாக வந்து விழுந்தன. நல்லகுட்டி பணிவாக ஒரு பருக்கையை எடுத்து வாளின் முனையில் வைத்தான்.

"மகாராஜா அமுது செய்துவிட்டார்!" என்று உரக்கச் சொன்னான். "இனி நாம் சாப்பிடலாம்!"

அதன்பிறகு அங்கே யாரும் சட்டம் பேசவில்லை. மந்திரியும் தளபதியும் ஒரே அப்பளத்தை ஆளுக்குப் பாதியாக உடைத்துத் தின்றார்கள். கணக்கர்களுக்குக் கணக்கு சரியாக வந்தது. கூத்தனை அவிழ்த்துவிட்டு, அவன் கையை வெட்ட வந்தவனே அவனுக்கு மோர் ஊற்றினான். வைத்தியர் மட்டும் இலையில் உட்காராமல் ராஜாவிடம் கோள் சொல்ல ஒரு பல்லக்கு பிடித்து ஆற்றங்கரைக்குப் பறந்தார்.

ராஜா திரும்பியபோது கண்கள் சிவந்திருந்தன. அதைக் கண்ட காவலர்கள் அவசர அவசரமாகக் கூத்தனை மறுபடி சூழ்ந்துகொண்டார்கள். வைத்தியர் வழியெல்லாம் ஓதியிருந்தார்.

"நல்லகுட்டி! நான் உண்ணுமுன் என் அரண்மனை உண்டதா?"

"இல்லை மகாராஜா. தாங்கள் உண்ட பிறகுதான் உண்டோம்."

"நான் எங்கேயடா உண்டேன்?"

"இதோ, இந்த அரியணையில், தங்கள் உடைவாளாக வீற்றிருந்து."

"வாள் எப்படி உண்ணும்?" என்று ராஜா கர்ஜித்தார். "இரும்புத்துண்டு அது! அதுவும் நானும் ஒன்றா?"

நல்லகுட்டி கைகூப்பினான். வயிறு நிறைந்திருந்ததால் இப்போது சொல்லுக்குச் சொல் தயாராக வந்தது. "அப்படிச் சொல்லிவிடாதீர்கள் மகாராஜா. அது எப்படித் தாலி கட்டியதோ அப்படியே உண்டது. உண்டது தாங்கள் இல்லையென்றால், தாலி கட்டியது யார் என்று மேலே ஒருவர் கேட்பாரே?"

ராஜா மேலே பார்த்தார். உப்பரிகையில் இளையராணி இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றிருந்தாள். பதிலுக்காகக் காத்திருப்பது அவள் முகத்தில் தெரிந்தது.

ராஜா, "வாள்... நான்தான்" என்றார், மெல்ல.

"அப்படியானால் தங்கள் விரதம் இன்று நண்பகலிலேயே முடிந்துவிட்டது. இனிமேல் தாங்கள் காய்வது விரதத்தில் சேராது, வெறும் பட்டினிதான். குழம்பு இன்னும் சூடாக இருக்கிறது, மகாராஜா."

நெய் மணம் மண்டபம் முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தது. ராஜா யாரையும் பார்க்காமல் இலையில் போய் உட்கார்ந்தார். முதல் கவளம் கோபத்தோடு போயிற்று. இரண்டாவது கவளத்துக்கு நெற்றிச் சுருக்கம் அவிழ்ந்தது. மோர்ச்சோற்றுக்கு வரும்போது பெருமூச்சு விட்டுக்கொண்டு, ஏதோ வெளியூர் போய்த் திரும்பியவர் மாதிரி சபையைச் சுற்றிப் பார்த்தார்.

"இவனை ஏன் காவலர்கள் சூழ்ந்து நிற்கிறார்கள்?" என்று கூத்தனைக் காட்டிக் கேட்டார்.

"தங்கள் உத்தரவு, மகாராஜா. கையை வெட்ட."

"ஒரு கீறலுக்கா? நானா சொன்னேன்?" ராஜாவின் முகம் வாடிப்போயிற்று. கூத்தனை அருகே அழைத்து, மீதிக் கன்னத்தை அவனிடமே கொடுத்தார். கத்தி வெண்ணெயில் போவதுபோல் போயிற்று.

சவரம் முடியுமட்டும் ராஜா ஏதோ யோசித்துக்கொண்டிருந்தார். பிறகு வைத்தியரைப் பார்த்தார்.

"மகுடேசரே, எல்லோரும் இலைமேல் விழுந்து சாப்பிட்டிருக்கிறார்கள். உமக்கு மட்டும் பசிக்கவில்லை. உம் கை மட்டும் நடுங்கவில்லை. அந்தச் சிமிழை இப்படிக் கொடும்."

ஒரு உருண்டையை எடுத்து ருசி பார்த்தார். இன்னொன்றையும் எடுத்து ருசி பார்த்தார். "அருமையான மருந்து! இனி நீரும் சூரியன் மறைந்த பிறகே இதை உண்ண வேண்டும். உமது புத்தி எவ்வளவு கூர்மையாகிறது என்று சபை பார்க்கட்டும்!"

சொல்லிவிட்டு ராஜா சிரிக்க ஆரம்பித்தார். தூண்மேல் இருந்த புறாக்கள் பறந்தோடும்படி சிரித்தார். வீணை வாசிப்பவரைத் திருப்பி அழைத்துவர ஆள் அனுப்பினார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி நல்லகுட்டிக்குப் போட்டு, "இன்னும் என்ன வேண்டும், கேள்" என்றார்.

"தாங்கள் எத்தனை விரதம் வேண்டுமானாலும் இருங்கள் மகாராஜா. காலை மணி அடித்ததும் வாளுக்கு ஒரு இலை போட்டுவிடச் சொல்லுங்கள். அதற்கு முன்னே வழக்கும் வேண்டாம், தீர்ப்பும் வேண்டாம்."

ராஜா அப்படியே சாசனம் எழுதச் சொன்னார். அதன்பிறகு அந்த நாட்டில் மழை பெய்ததோ இல்லையோ, பசித்த வயிறு தீர்ப்புச் சொல்லவில்லை. தினமும் காலையில் வாளுக்கு முன்னே சூடாகப் பொங்கல் வைத்தார்கள். அந்த இலைச் சோறு கூத்தனுக்கு என்று ராஜாவே சொல்லிவிட்டார். வெட்டப்பட இருந்த அந்தக் கையாலேயே, வெட்டச் சொன்ன ராஜாவின் வாளுக்கு எதிரே உட்கார்ந்து, கூத்தன் அவசரமில்லாமல் தினமும் சாப்பிட்டான்.