முகம் பெரிதாகும் திரை

கேட்டு முடித்ததும் பதில் சொல்ல வேண்டிய கதை இது. யார் என்ன சொன்னார், யார் என்ன செய்தார் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தூத்துக்குடிக்காரன் டெல்வின் சரக்குக் கப்பலில் எலக்ட்ரீஷியன். அவன் மனைவி ஜெசிந்தா பள்ளியில் கணக்கு டீச்சர். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர்கள் சேர்ந்து இருந்ததைவிடப் பிரிந்து இருந்ததே அதிகம். ஞாயிறு மதியங்களில் அவன் கடலிலும் அவள் வீட்டிலுமாக இருந்து, ஒரே படத்தை ஒரே நேரத்தில் போனில் பார்ப்பார்கள். திரையின் ஓரத்தில் ஒருவர் முகம் மற்றவருக்குச் சின்னக் கட்டமாகத் தெரியும். கப்பலில் நெட் மெலியும்போது அவனுக்குப் படம் நின்றுவிடும். அவளுக்கோ ஓடிக்கொண்டே இருக்கும். அவள் சிரித்து முடித்த பிறகு அவன் சிரிப்பான்.

"நீங்க பாக்காத இடத்த நான் மட்டும் பாக்கப் பிடிக்கல," என்றாள் ஒருநாள்.

டெல்வினின் சித்தப்பா மகன் கிங்ஸ்லி புரோகிராம் எழுதுகிறவன். ஒருவருக்குப் படம் நின்றால் மற்றவருக்கும் நிற்கும்படி செய்யச் சொன்னான் டெல்வின். கிங்ஸ்லி அப்படியொரு ஆப் செய்து கொடுத்தான். ஜெசிந்தாவுக்கு அது இன்னும் மோசமாக இருந்தது. அசையாத திரைக்கு முன்னால் இருவரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

"படம் நின்னா நிக்கட்டும்," என்றாள் அவள். "அந்த நேரம் படம் சின்னதாகி உங்க முகம் பெருசா வரட்டும். முகத்துக்குக் கொஞ்சம் நெட் போதும்லா. நான் படத்தையா பாக்கேன்?"

டெல்வின் அதையே யோசித்துக்கொண்டு ஒரு பயணம் முழுவதும் இருந்தான். படம் நின்ற பிறகு முகம் திடீரென்று வந்தால் திடுக்கிடும். அதனால் நெட் மெலியத் தொடங்குவதை ஆப் முன்கூட்டியே கவனிக்க வேண்டும். படத்தை மெல்லச் சுருக்கி முகத்தை மெல்ல வளர்க்க வேண்டும். நெட் தேறியதும் பழையபடி மாற்ற வேண்டும். இவ்வளவையும் படிப்படியாகக் கிங்ஸ்லிக்கு விளக்கினான். அவன் சொன்னதைச் சொன்னபடியே கிங்ஸ்லி எழுதினான். கண் எரிய எரிய எழுதினான்.

அதன்பிறகு கடலில் நெட் நன்றாக இருக்கும் ஞாயிறுகள்தான் ஜெசிந்தாவுக்கு ஏமாற்றமாக இருந்தன.

ஆனாலும் முகம் எவ்வளவு பெரிதானாலும் ஆள் ஆகிவிடுமா? ஒவ்வொரு முறையும் "இதுதான் கடைசி" என்று சொல்லிப் போனவன், ஒவ்வொரு முறையும் மறுபடி கப்பல் ஏறினான். ஒருநாள் அவள் கோயம்புத்தூரில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய், அங்கேயே வேலையும் தேடிக்கொண்டாள். போனை எடுக்கவில்லை. அதற்குப் பிறகுதான் டெல்வின் கடலை விட்டான். கரையில் வெறுமனே இருந்த நாட்களில் அந்தத் திரைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தான்.

விண்ணப்பம் சென்னையில் மங்கையர்க்கரசி என்ற அதிகாரியிடம் வந்தது. உலகத்தில் இதற்கு முன்பு என்னென்ன வந்திருக்கின்றன என்று அவர் தேடினார். இருவருக்கும் படத்தை நிறுத்துவது பழையது. நெட்டுக்கு ஏற்பப் படத்தின் தெளிவைக் கூட்டிக் குறைப்பது அதைவிடப் பழையது. நெட் மெலிய மெலியப் படம் சுருங்கி முகம் வளர்வது மட்டும் எங்கும் இல்லை. புதுமை அங்கேதான் இருந்தது. விண்ணப்பத் தாளில் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்கும் கட்டத்தில் டெல்வின் பெயர் மட்டும் இருந்தது.

விண்ணப்பம் காப்புரிமை இதழில் வெளியானபோது அதைப் பார்த்து ஜெசிந்தா எதிர்ப்பு மனு போட்டாள். உரிமையில் பங்கு எதுவும் அவள் கேட்கவில்லை. கண்டுபிடித்தவர்களில் ஒருத்தியாகத் தன் பெயரும் வேண்டும் என்றாள்.

விசாரணை வீடியோ காலில் நடந்தது. கோயம்புத்தூரில் ஜெசிந்தா, தூத்துக்குடியில் டெல்வின், பக்கத்தில் சாட்சியாகக் கிங்ஸ்லி. பிரிந்த பிறகு கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்தது அன்றுதான். அவன் மெலிந்திருந்தான். அவள் கண்ணாடி போட்டிருந்தாள்.

"முகம் பெருசா வரணும்னு சொன்னது யாரு?" என்று கேட்டார் மங்கையர்க்கரசி.

"அவதான் மேடம்," என்றான் டெல்வின்.

"அப்புறம் ஏன் பேர் போடல?"

"என்கூட எந்தத் தாள்லயும் சேந்து இருக்க அவளுக்கு இஷ்டம் இருக்காதுன்னு நெனச்சேன்."

ஜெசிந்தா, "மறைச்சிட்டாருன்னுதான் நெனச்சேன் மேடம். மனுவ வாபஸ் வாங்கிக்கிடுதேன். அவர் பேரே இருக்கட்டும்," என்றாள்.

"வேண்டாம் மேடம். என் பேர எடுத்துட்டு அவ பேர மட்டும் போடுங்க. நான் வீட்டுல இருந்திருந்தா அவ இத யோசிச்சிருக்கவே வேண்டாம்," என்றான் டெல்வின்.

இருவரையும் மாறி மாறிப் பார்த்த கிங்ஸ்லி தொண்டையைச் செருமினான். "மைனிக்கும் வேண்டாம், அண்ணனுக்கும் வேண்டாம். ஒவ்வொரு வரியும் எழுதுனது நான். என் பேரப் போட்டா என்ன மேடம்?"

அவன் கேட்டதில் வஞ்சகம் இல்லை, உழைத்தவன் அவன்.

ஒருத்தி கேட்டதைக் கைவிட்டாள். ஒருவன் தன்னிடம் இருந்ததைக் கொடுத்துவிடப் பார்த்தான். ஒருவன் உழைப்புக்குப் பேர் கேட்டான். இந்த மூவரில் யார் சொன்னபடி செய்வது சரி? அந்தக் கட்டத்தில் மங்கையர்க்கரசி யார் பெயரை எழுத வேண்டும்?

விடை: மூவர் சொன்னபடியும் செய்யக் கூடாது. உரிமை என்றால் அதை விட்டுக்கொடுக்கலாம், விற்கலாம். கண்டுபிடித்தவர் பெயர் அப்படியல்ல, நடந்தது இன்னதென்று சொல்வது அது. புதுமையாக நின்ற ஒன்றில், முகம் வளரட்டும் என்றது ஜெசிந்தா. நெட் மெலிவதை முன்கூட்டிக் கவனித்து மெல்ல வளர்க்கும் வழியைக் கண்டது டெல்வின். கிங்ஸ்லி பிறர் சொன்னதைச் சொன்னபடி எழுதியவன். அவனுக்குக் கூலியும் நன்றியும் உண்டு, அந்தக் கட்டத்தில் இடம் இல்லை. மங்கையர்க்கரசி இருவர் பெயரையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுத உத்தரவிட்டு, இருவரிடமும் முகவரி கேட்டார். டெல்வின் தூத்துக்குடி முகவரியை அன்றைக்கே அனுப்பிவிட்டான். ஜெசிந்தா வெகுநாள் தாமதித்தாள். கடைசியில் அவள் அனுப்பியது கோயம்புத்தூர் முகவரி.