ஆவுடைத்தாய் அழுத ராகம்

பேச்சிமுத்து அண்ணாச்சி மாவு மில்லு வச்சிருந்தார். ஆர்மோனியமும் வச்சிருந்தார். மில்லு வயித்துக்கு, ஆர்மோனியம் ஆசைக்கு. யாரும் சொல்லித் தந்ததில்லை. காதில் விழுந்த பாட்டைக் கட்டையில் தேடிப் பிடித்து வாசிப்பார். மார்கழி பஜனையில் அவர்தான் ஆர்மோனியப் பெட்டி.

ஐம்பது வயசு தாண்டின பிறகு ஒரு குறை வந்து ஒட்டிக்கொண்டது. வாசிக்கிறது என்ன ராகம் என்று யாராவது கேட்டால், அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

புத்தகம் வாங்கினார். தூக்கம்தான் வந்தது. செல்போனில் பாடம் பார்த்தார். ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் தப்பு என்றார். கடைசியில் வயலின் சொல்லிக்கொடுக்கிற உலகம்மை டீச்சரிடம் போனார். டீச்சர் அவரைவிட ரொம்ப இளையவர். நாற்காலி போட்டும் உட்காராமல் அண்ணாச்சி பாயில் உட்கார்ந்தார்.

"சங்கீத இலக்கணம் படிக்க நல்ல வழி எது டீச்சர்? நாள் பூரா மில்லுல நிக்கிற ஆளு நான்."

"நின்னுக்கிட்டே படிக்கலாம் அண்ணாச்சி. காதுல விழுற எதையும் சும்மா விடாதீங்க. பஸ் ஹாரன் அடிச்சா என்ன சுரம்னு பாருங்க. எங்கயாவது பாட்டுக் கேட்டா முதல்ல ராகத்தைப் பிடிங்க. தொடையில தாளம் போட்டுக்கிட்டே கேளுங்க."

நல்ல வழிதான். அண்ணாச்சி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஊருக்கும் ஒரு பேச்சு கிடைத்தது.

"அண்ணாச்சி, மில்லு என்ன ராகத்துல ஓடுது?"

"பெல்ட்டை இறுக்குனா ஒரு சுரம் ஏறும்லே."

"அது ஏறட்டும். என் கோதுமையில மொளகா நெடி ஏறிட்டு. அதுக்கு என்ன ராகம்?"

அவரும் சேர்ந்து சிரித்தார். ஒரு வருசத்தில் பாட்டின் முதல் வரி முடியுமுன்னே ராகத்தின் பெயரைச் சொல்லிவிடுவார். டீச்சரே அசந்துபோனார்.

அந்த ஆடியில் அவருடைய அக்கா ஆவுடைத்தாயின் வீட்டுக்காரர் செத்துப்போனார்.

ஆவுடைத்தாய் ஒப்பாரி சொன்னால் தெருவே அழும். அடுத்த வீட்டு இழவுக்கெல்லாம் போய் அழுதவள். அன்றைக்குத் தன் வீட்டு இழவு. பெண்கள் தோளோடு தோள் சேர்த்து வட்டமாக உட்கார்ந்தார்கள். அவள் முதல் அடியை எடுத்தாள்.

அண்ணாச்சியின் கை தொடைக்குப் போனது. அவர் போகச் சொல்லவில்லை. அதுவாகப் போனது.

பக்கத்தில் நின்ற சித்தப்பா மகனிடம் சொன்னார்.

"எல்லாரும் முகாரிம்பாக. இது முகாரி இல்ல. புன்னாகவராளி சாயல் அடிக்கி. ஆனா ரெண்டாவது அடியில தாளம் நழுவுது, பாத்தியா?"

மெதுவாகச் சொன்னதாகத்தான் அவர் நினைப்பு. மில்லு இரைச்சலில் நிற்கிற ஆளுக்கு மெதுவான பேச்சு ஏது?

ஆவுடைத்தாய் பாதி அடியில் நிறுத்தினாள். தம்பியை ஒரு தடவை பார்த்தாள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். புருசனைத் தூக்கிக்கொண்டு போகும்போதும் அந்தத் தலைப்பை எடுக்கவில்லை.

கருமாதி அன்றைக்குப் பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"வாய் விட்டு அழுதுரு தாயி. நெஞ்சு அடைச்சிரும்."

"எந்தம்பி வரட்டும். தாளம் சரியா விழுதான்னு பாத்துச் சொல்லட்டும். பெறவு அழுறேன்" என்றாள் ஆவுடைத்தாய்.

தம்பி வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். திரும்ப மாட்டிக்கொண்டு வந்த வழியே போனார்.

நேரே டீச்சர் வீட்டுக்குத்தான் போனார். நடந்ததைச் சொன்னார்.

"நீங்கதான சொன்னீக டீச்சர், காதுல விழுற எதையும் சும்மா விடாதீகன்னு."

"சொன்னேன்."

"இழவு வீட்டுல விட்டுருங்கன்னு சொல்லலையே."

"சொல்லல. எனக்கும் அதை யாரும் சொல்லித் தரல."

அண்ணாச்சி கேட்டார். "அப்ப நான் படிச்ச வழி தப்பா? வேற வழி இருந்தாச் சொல்லுங்க. முதல்ல இருந்து படிக்கேன்."

டீச்சர் உள்ளே போய்த் தன் ஆர்மோனியத்தைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்.

"அக்கா அன்னிக்கு அழுததை வாசிங்க."

"வீட்டுக்குள்ள ஒப்பாரி வாசிக்கக் கூடாது டீச்சர்."

"வாசிங்க."

வாசித்தார். ஒரே ஒரு தடவை, அதுவும் பாதிதான் கேட்டிருந்தார். ஆனால் ஒரு சுரம் பிசகவில்லை. இழுப்பு இழுப்பாக, மூச்சு வாங்கின இடம் மூச்சு வாங்கின இடமாக, அப்படியே வந்தது.

"சரியா இருக்கு" என்றார் டீச்சர். "இப்ப என்ன சொல்லி அழுதாங்கன்னு சொல்லுங்க."

அண்ணாச்சி வாயைத் திறந்தார்.

கட்டையின் மேல் விரல் ஒரு தடவை ஓடிப் பார்த்தது. சுரம் வந்தது. சொல் வரவில்லை.

"ஒரு சொல்லு போதும் அண்ணாச்சி."

"மச்சானைப் பத்தித்தான் என்னமோ சொன்னா."

"செத்தது அவர்தானே. அவரைப் பத்தித்தான் சொல்லுவாங்க. என்ன சொன்னாங்க?"

"தெரியல டீச்சர்."

சொல்லிவிட்டு அவர் துருத்தியை மூடினார். மச்சான் செத்த அன்றைக்கு வராத அழுகை அப்போதுதான் வந்தது.

டீச்சர் தேற்றவில்லை. தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"டீச்சர், எனக்கு ஒரு உதவி. பொம்பளைக்குப் பொம்பளை நீங்க போய்க் கேட்டா அக்கா தட்ட மாட்டா. இன்னும் ஒரே ஒருதரம் அவ அதைப் பாடணும். நான் தாளம் போட மாட்டேன். கையைக் கட்டிக்கிடுதேன். சொல்லை மட்டும் கேக்கேன்."

"இழவு இல்லாத வீட்டுல ஒப்பாரி சொல்லுவாங்களா?"

"மாட்டா."

"வேற இழவு விழுந்தா?"

"நான் நிக்கிற இடத்துல இனிமே வாயைத் திறக்க மாட்டா. அவ பிடிச்சா பிடிச்ச பிடிதான்."

டீச்சர் பாயோரம் கிடந்த தன் வயலினைப் பெட்டியில் வைத்து மூடினார்.

"அப்ப அக்கா அழுறதை நான் பக்கத்துல இருந்து கேக்கவே முடியாதா டீச்சர்?"

"பக்கத்துல இருப்பீங்க" என்றார் டீச்சர். "ஒருநாள் உங்களுக்காகவும் அழுவாங்க அண்ணாச்சி. அன்னிக்கு நீங்க குறுக்கே பேச மாட்டீங்க."