செங்கேணியின் ஆடும் கப்பித்தானின் இங்கிலீஷும்

அந்தக் காலத்தில் சென்னப்பட்டினத்துக் கடலில் அலை மூன்று பனை உயரம் எழும்பும். மேலே போன மீன்கள் இறங்க வழி தெரியாமல் காக்கையிடம் விசாரிக்கும். அந்தக் கரையில் அனந்தப்பர் என்றொரு துபாஷி இருந்தார். வெள்ளைக்காரன் பேச்சைத் தமிழிலும், தமிழ்ப் பேச்சை இங்கிலீஷிலும் எடுத்துச் சொல்வது துபாஷி வேலை.

அவருடைய சீடன் ஆதிகேசவன் குருவைவிடப் பத்து வயது மூத்தவன். உப்பு வியாபாரத்தை மூடிவிட்டு வந்து இங்கிலீஷ் புத்தகத்தைக் கரைத்துக் குடித்திருந்தான்.

அன்று குருவின் முன்னால் அவனுக்குப் பரீட்சை. கரையில் ஒரு ஆட்டு வழக்கு. அதைத் தீர்த்தால் துபாஷித் தலைப்பாகை அவனுக்கு.

கப்பலுக்குப் பாலாடு வாங்கியிருந்த வெள்ளைக்காரக் கப்பித்தான், மணலில் நின்ற கறுப்பு ஆட்டையும் தன்னுடையது என்று நினைத்துப் பிடித்துவிட்டான். மீன்காரி செங்கேணி, குட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, தாய் ஆட்டை மறுபக்கம் இழுத்தாள்.

"அவர்ன்!" என்று கத்தினான் கப்பித்தான்.

ஆதிகேசவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. 'எங்களுடையது' என்பதற்குப் புத்தகத்தில் இருப்பது 'அவர்ஸ்'. இவன் சீமையில் ஏதோ பட்டிக்காட்டுக்காரன்.

ஒருவர் சொன்னதை அவரிடமே ஒருமுறை சொல்லிக்காட்டி, அவர் தலையாட்டிய பிறகுதான் துபாஷி அடுத்தவரிடம் போக வேண்டும். அதுதான் முறை.

"அவர்ஸ்," என்று சொல்லிக்காட்டினான் ஆதிகேசவன்.

"அவர்ன்!"

"அவர்ஸ், துரை. அவர்ஸ்!"

"இன்னாய்யா சொல்றான் அவன்?" என்றாள் செங்கேணி.

"இரும்மா. இன்னும் சரியாகச் சொல்லவில்லை."

"ஆடு எங்குளுதுன்னு அவன்கிட்ட சொல்லுய்யா!"

"எங்களுடையது. எங்கே, நீயும் ஒருதரம் சொல்லு?"

"ஐய! ஆட்டைக் கேக்க வந்தவ அரிச்சுவடி படிக்கணுமா?"

கப்பித்தானுக்கு அலுத்துவிட்டது. தொப்பியைக் கழற்றினான். "அவர்ஸ்," என்றான், பூப்போல.

"அவர்ஸ்!" என்று துள்ளினான் ஆதிகேசவன். "குருவே, கேட்டீர்களா? சொல்லிவிட்டான்!"

துபாஷியே ஒப்புக்கொண்டான் என்று நினைத்து, கப்பித்தான் ஆட்டைத் தூக்கிப் படகில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான். ஆதிகேசவன் திரும்பிப் பார்த்தபோது படகு முதல் அலையைத் தாண்டியிருந்தது.

"ஐயோ, எம் ஆடு போச்சே! பால்குடி மறக்காத குட்டிய நான் எப்படிக் காப்பாத்துவேன்!" செங்கேணி மாரில் அடித்துக்கொண்டாள்.

அனந்தப்பர் அவள் இடுப்பிலிருந்த குட்டியைப் பிடுங்கினார். வேட்டியோடு கடலில் பாய்ந்தார். கழுத்தளவு தண்ணீரில் நின்று குட்டியைத் தலைக்கு மேலே தூக்கினார். குட்டி கத்தியது. படகிலிருந்து தாய் கத்தியது. அவர் கரையில் நின்ற செங்கேணியைக் கைகாட்டினார்.

"ஹெர்ன்! ஹெர்ன்!"

துடுப்புகள் நின்றன. அந்தக் கரையில் முதல்முறையாக ஒருவன் தன் ஆத்தாள் பேசுகிற மாதிரிப் பேசியதைக் கேட்டுக் கப்பித்தான் எழுந்தே நின்றுவிட்டான். குட்டியைப் பார்த்தான், ஆட்டைப் பார்த்தான். அவன் சிரித்த சிரிப்பில் வந்த அலை பயந்து திரும்பிப் போனது. படகைத் திருப்பி, ஆட்டை அனந்தப்பர் தோளில் அவனே இறக்கிவிட்டான்.

கரையில் ஆடு குட்டியை நக்கியது. செங்கேணி இரண்டையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். அனந்தப்பர் வேட்டியைப் பிழிந்தார்.

ஆதிகேசவன் மூச்சிரைக்க ஓடி வந்தான். "குருவே, நான் ஒரு எழுத்துக்கூடத் தப்பாகச் சொல்லவில்லை. தலைப்பாகை எனக்குத்தானே?"

குரு பிழிந்த வேட்டியை உதறினார்.

"நீங்கள்தான் தப்பாகச் சொன்னீர்கள். 'அவளுடையது' என்பதற்கு 'ஹெர்ஸ்' என்று சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தானே! 'ஹெர்ன்' தப்பில்லையா?"

"தப்புதான் ஓய்," என்றார் அனந்தப்பர். "ஆட்டைத் திரும்பப் படகில் ஏற்றிவிட்டு வருகிறீரா?"