ஒச்சம்மா பேருக்கு வந்த பவர் டில்லர்

விவசாயம் பார்க்கும் பெண்களுக்கு அரசாங்கம் மானியத்தில் பவர் டில்லர் தருகிறது என்றதும், நிறைய நிலம் வைத்திருக்கும் பெரிய சம்சாரி தவசிலிங்கம் தன்னிடம் கூலிக்கு வரும் ஒச்சம்மா பேரில் ஒன்றை வாங்கித் தன் கொட்டகையில் நிறுத்திக்கொண்டார். அவர் நிலத்தை அதில் உழுவதும் அவள்தான். அவளுக்கும் ஒரு துண்டு மானாவாரிப் புஞ்சை உண்டு. மழை விழுந்ததும் வந்து வண்டியைக் கேட்டாள்.

"மொதல்ல என் புஞ்சை உழுது முடியட்டும். அப்புறம் வாடகையோட வா."

அதற்குள் ஈரம் காய்ந்துவிடும்.

மறுநாளே, மானிய வண்டிகளைச் சோதிக்க ஆபீசர் வருவதாகத் தகவல் வந்தது. தவசிலிங்கம் அவளைக் கூப்பிட்டார். "வண்டி யாருதுன்னு கேட்டா, முழிச்சுக்கிட்டு நிக்காத. நெசமாவே உன்னுது மாதிரி நடந்துக்கணும். புரியுதா?"

"புரியுதுங்கய்யா."

ஆபீசர் வந்தார். "இது யாரோட வண்டிம்மா?"

"என்னுதுதான் சார்."

"இங்க ஏன் நிக்குது?"

"மழையில நனைய வேணாம்னு ஐயா எடம் குடுத்தாக. மழைதான் விட்டுருச்சே, கெளம்பிட்டேன். சாவியக் குடுங்கய்யா."

தவசிலிங்கம் ஆபீசரைப் பார்த்தார். சிரித்து வைத்தார். சாவியைக் கொடுத்தார்.

சாயங்காலம் அவள் புஞ்சை வரப்பில் வந்து நின்றார். "என்ன காரியம் பண்ணிட்ட ஒச்சம்மா! அங்க என் நிலம் காயுது."

ஒச்சம்மா வண்டியை நிறுத்தாமலே சொன்னாள்: "மொதல்ல என் புஞ்சை உழுது முடியட்டும்யா. அப்புறம் வாடகையோட வாங்க."