தாண்டவனின் ஆயுளைத் திருடியது யார்?

காட்டோரத்துக் குளத்தில் தண்ணீர் குடிக்கக் குனிந்த தாண்டவன், குடிக்காமல் அப்படியே நின்றுவிட்டான். தண்ணீரில் தெரிந்த அவன் மூஞ்சியில், மீசை ஓரமாக, வெள்ளை முடி!

"இதை ஆரு இங்க வெச்சது?" என்று உறுமினான்.

கரையில் படுத்திருந்த எருமை, "ஆரும் வெக்கலையப்பா. நரைச்சிருக்குது!" என்றது.

எருமை ஏன் இவ்வளவு சீக்கிரம் பதில் சொன்னது? அதற்கு ஏதோ தெரிந்திருக்கிறது! தாண்டவன் எருமையைச் சுற்றி வந்து இரண்டு முறை மோந்து பார்த்தான். சேற்று வாசனைதான் வந்தது. அதையும் அவன் நம்பவில்லை.

தாண்டவன் ஒரு நாய். தெருநாய் அளவை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். எழுந்து நின்றால் கன்றுக்குட்டி உயரம். சீமையிலிருந்து வந்த ராட்சத ஜாதி. மலைமேல் காப்பித் தோட்டத்து பங்களாக்காரர்கள் ஊரைவிட்டுப் போனபோது, குட்டியாக இருந்த அவனை ஆட்டுப்பட்டிக்கார நாச்சிமுத்துவிடம் விட்டுப் போனார்கள். அன்று முதல் அவனை வளர்த்தவள் சீரகம். அவள் பூனையைவிடக் கொஞ்சமே பெரிய நாட்டு நாய். வயது பதிமூன்று. இன்றைக்கும் வேலியைத் தாண்டிக் குதித்துத்தான் பட்டிக்குள் வருவாள். படலைத் திறக்கும்வரை காத்திருக்க அவளுக்குப் பொறுமை கிடையாது.

தாண்டவனுக்கு வயது ஆறுதான். ஆனால் காலையில் எழும்போதே இடுப்பு பிடித்துக்கொள்கிறது. கிழவி குதிக்கிறாள், இளவட்டம் முனகுகிறது. இதில் ஏதோ சூது இருக்கிறது என்று அவனுக்குப் பல நாளாகவே சந்தேகம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் அல்லவா?

சீரகம் போட்டிருந்த சட்டங்களும் அப்படித்தான் இருந்தன. நாச்சிமுத்து கல்தொட்டியில் கம்பஞ்சோறு போடுவார். தாண்டவன் மூன்றில் ஒரு பங்கு தின்றதும் அவள் தொட்டிக்குள்ளேயே ஏறி நின்றுகொள்வாள்.

"போதும் அப்புனு! மிச்சம் மத்தியானம். அப்புறம் பொழுதோட!"

"பசிக்குதுக்கா!"

"பசிக்கட்டும். பெரிய ஒடம்பு உன்றது. ஒரே வாட்டி ரொப்புனா வயிறு முறுக்கிக்கும். தின்னுட்டு ஓடவும் கூடாது. படு!"

பாறையிலிருந்து குதிக்கக் கூடாது. உடம்பு போடக் கூடாது. போட்டால் மூட்டு தாங்காதாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாட்டாஸ்பத்திரி டாக்டர் வந்து நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்கும்போது அசையக் கூடாது. ஆடு காக்கிற நாய்க்கு எதற்கு இத்தனை 'கூடாது'?

இதையெல்லாம் புதருக்குள்ளிருந்து ஒருவன் பார்த்துக்கொண்டிருந்தான். செவலை என்ற செந்நாய். அவன் கூட்டம் அந்தப் பட்டியைச் சுற்றி வந்து வருஷம் நாலாகிவிட்டது. தாண்டவன் இருக்கும்வரை ஓர் ஆட்டு வாலைக்கூடத் தொட முடியவில்லை.

ஒருநாள் செவலை குளத்தின் அக்கரையில் வந்து உட்கார்ந்தான்.

"பங்காளி! சௌக்கியமா?"

"நான் உனக்குப் பங்காளி இல்லை. போ அந்தப் பக்கம்!"

"நீயும் நாய், நானும் நாய். அந்தப் பாசத்துல கேக்கறேன். உன்ற வயசென்ன?"

"ஆறு."

"அந்தப் பொடிச்சிக்கு?"

"பதிமூணு."

"ஒரே தொட்டிச் சோறு. உனக்கு நரை, அவளுக்குத் துள்ளல்!" செவலை பெருமூச்சு விட்டான். "உன்னைப் பாக்க எனக்கு வயிறு எரியுது பங்காளி."

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். ஊரில் எல்லோரையும் சந்தேகப்பட்ட தாண்டவன், சந்தேகப்பட வேண்டிய ஒருவனை மட்டும் சந்தேகப்படவில்லை! தன் மனதில் இருந்ததையே அவன் சொன்னதால், சொன்னவன் நல்லவனாகத் தெரிந்தான்.

மூன்று நாள் தாண்டவன் சீரகத்தை வேவு பார்த்தான். தூங்குவதுபோல் ஒரு கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு கண்ணால் பார்த்தான். மூன்றாம் நாள் சிக்கிவிட்டாள்! தொட்டிக்குள் தலையை விட்டு, ஓரத்தில் ஒட்டியிருந்ததை அவள் நக்கிக்கொண்டிருந்தாள்.

"ஆ! பாத்துட்டேன்! என்ற சோத்தோட என்ற ஆயுசையும் சேத்துத் திங்கற!"

சீரகம் திரும்பிப் பார்த்தாள். "ஒட்டுனது காஞ்சு புளிச்சா உனக்குத்தாண்டா வயிறு கெடும். அதான் நக்கினேன். என்ன பேச்சு பேசற நீ?"

"எனக்கு ஏன் ஆறு வயசுல நரை? சொல்லு!"

அவள் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "உங்க ஜாதி அப்படி அப்புனு. ஒடம்பு பெருசு, ஆயுசு சிறுசு. எட்டு வருஷம், ஒம்பது வருஷம். நல்லாப் பாத்துக்கிட்டா ஒண்ணு கூடும். டாக்டர் நாச்சிமுத்துகிட்டச் சொன்னதைக் கேட்டேன்."

"பொய்! யானை என்னைவிடப் பெருசு. அது மட்டும் அறுவது வருஷம் இருக்குதே!"

"யானை வேற, நாய் வேற. ஏன்னு கேட்டா எனக்குத் தெரியாது. ஆனா நெசம்."

காரணம் தெரியாதாம், ஆனால் நிஜமாம்! மாட்டிக்கொண்ட திருடி வேறு எப்படிப் பேசுவாள்? தாண்டவன் அன்று முதல் அவளுடன் பேசுவதை நிறுத்திவிட்டான். அவள் உண்ணி பார்க்க வந்தாலும் காதை இழுத்துக்கொண்டான்.

பட்டிப் பொங்கல் வந்தது. மாட்டுக் கொம்புகளுக்கு வர்ணம் அடித்தார்கள். பட்டிக்கு முன்னால் பொங்கல் பொங்கியது. நாச்சிமுத்து, வருஷத்துக்கு ஒருநாள்தானே என்று, கல்தொட்டி வழிய வழியப் பொங்கலைக் கொட்டிவிட்டு, தப்பட்டை முழங்க மாடுகளைக் கோயிலுக்கு ஓட்டிக்கொண்டு புறப்பட்டார். மாட்டுக்கு முன்னால் போவது சீரகத்தின் வேலை. ஆடுகள் பட்டியிலேயே இருந்தன. காவலுக்குத் தாண்டவன்.

"அப்புனு, பேசாட்டிப் போ. இதை மட்டும் கேளு," என்றாள் சீரகம். "மூணுல ஒரு பங்குதான் இப்ப. மிச்சத்துக்கு நான் வந்துடறேன். உன்னை நம்பிப் போறேன்."

வந்துவிடுகிறாளாமே! மிச்சத்துக்குத்தான் வருகிறாள்! தப்பட்டைச் சத்தம் தூரத்தில் மங்கும்வரை காத்திருந்து, தாண்டவன் தொட்டியில் வாயை வைத்தான். மூன்று பங்கும் போயிற்று. மூச்சுக்கூட விடாமல் விழுங்கினான். குளத்துக்குப் போய் வயிறு முட்டத் தண்ணீரும் குடித்தான்.

"சபாஷ் பங்காளி!" என்று அக்கரையிலிருந்து கத்தினான் செவலை. "இப்பப் பாரு, போன வயசு திரும்பி வந்துடுச்சு! வேணும்னா அந்தப் பாறை வரைக்கும் ஓடிக் காட்டு!"

தாண்டவன் ஓடினான். பாறைமேல் ஏறினான், குதித்தான், திரும்பி ஓடி வந்தான். இடுப்பு வலிக்கவே இல்லை! பார்த்தாயா, எல்லாம் அந்தக் கிழவியின் சூழ்ச்சிதான்!

படலுக்கு அருகே வந்தபோது வயிற்றில் ஏதோ சுருண்டது. வாந்தி வருவதுபோல் குமட்டியது. எதுவும் வரவில்லை, நுரைதான் வந்தது. வயிறு தப்பட்டைபோல் உப்பிக்கொண்டே போனது. கால் மடங்கி விழுந்தான்.

'பொங்கலில் விஷம் வைத்துவிட்டாள்!' விழுந்தபோதும் அவன் புத்தி அங்கேதான் போயிற்று.

"பங்காளி! யாரையாவது கூப்பிடு!"

செவலை வந்தான். பின்னாலேயே இன்னும் நாலு செந்நாய்கள் வந்தன. அவன் தாண்டவனின் உப்பிய வயிற்றைப் பார்த்தான், முகத்தைப் பார்க்கவில்லை.

"நாலு வருஷமாக் காத்திருந்தோம். பொடிச்சி சொன்னது அத்தனையும் சரிதான். புதருக்குள்ள உக்காந்து தினமும் கேட்டேனே!" என்றான். அப்புறம் தாண்டவனைத் தாண்டி, படலை நோக்கி நடந்தான்.

செந்நாய்கள் படலைப் பிய்க்கத் தொடங்கின. உள்ளே ஆடுகள் அலறின. தாண்டவனால் தலையைத் தூக்க முடியவில்லை. ஓர் ஊளை மட்டும் விட்டான். அதுவும் பாதியில் உடைந்தது.

கோயில் பாதையில் அந்த உடைந்த ஊளை ஒரே ஒரு காதில் விழுந்தது. சீரகம் மாடுகளை அப்படியே விட்டாள். நாச்சிமுத்துவின் வேட்டியைக் கடித்து இழுத்தாள், குரைத்தாள், திரும்பி ஓடினாள். ஏதோ ஆபத்து என்று தப்பட்டைக்காரர்களும் தடிகளோடு பின்னால் ஓடி வந்தார்கள்.

எல்லோருக்கும் முன்னால், படல் விழுவதற்குள் வந்தவள் அவள்தான். ஐந்து செந்நாய்களுக்கும் படலுக்கும் நடுவில், பூனை அளவு கிழட்டு நாய் ஒன்று பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது! செவலை அவள் தோளைக் கவ்வினான். ரத்தம் வந்தது. அவள் நகரவில்லை. தப்பட்டை நெருங்கியதும் செந்நாய்கள் காட்டுக்குள் ஓடிவிட்டன.

அவள் நொண்டிக்கொண்டு தாண்டவனிடம் வந்தாள். "உசுரை விட்டுடாத அப்புனு! ஆளுக வர்றாங்க!"

நாச்சிமுத்து ஒரு சின்ன லாரியை வரவழைக்க, நாலு ஆள் சேர்ந்து அவனை அதில் ஏற்றினார்கள். டவுன் மாட்டாஸ்பத்திரியில் டாக்டர் வயிற்றைத் திறந்து, முறுக்கிக்கொண்ட இரைப்பையைத் திருப்பி வைத்துத் தைத்தார். "இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தா நாய் இல்லை," என்றார்.

பத்து நாள் கழித்து, தையல் போட்ட வயிற்றோடு தாண்டவன் பட்டிக்கு வந்தான். சீரகத்தின் தோளில் இருந்த காயத்தைப் பார்த்தான். அவள் நொண்டுவதைப் பார்த்தான். வெட்கத்தில் அவனால் நிமிர முடியவில்லை.

"அக்கா, இன்னும் எத்தனை வருஷம் இருப்பேன்?"

"தெரியலை. ரெண்டு இருக்கலாம். மூணும் இருக்கலாம்."

"நீ என்னைவிட மூத்தவ. ஆனா ஒருவேளை நீதான் எனக்காக அழுவ. இல்ல?"

சீரகம் அவன் தையலை ஒருமுறை மோந்து பார்த்தாள். "நீ குட்டியா வந்தப்பவே அந்த டாக்டர் சொல்லிட்டாரு. அன்னியிலிருந்து உன்ற நாளை ஒவ்வொண்ணாப் பிடிச்சு வெக்கறேன். நீதான் என்னைத் திருடின்னு சொன்ன."

தாண்டவன் தன் பெரிய தலையை அவள் காலடியில் வைத்து அழுதான். அவள் அவன் காதில் உண்ணி பார்க்க ஆரம்பித்தாள்.

தடுப்பவரையெல்லாம் பகைவர் என்று சந்தேகித்து, தட்டிக் கொடுப்பவனையெல்லாம் உறவு என்று நம்புகிறவன், தனக்கு வாய்த்த கொஞ்ச ஆயுளையும் தானே திருடிக்கொள்கிறான்.